கூரையிட்ட பாலமும் நமது தறிக்கூடமும்

தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஒரு நெசவாளர் சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தைச் சென்ற மாதம் பார்வையிட நேர்ந்தது. தறிக்கூடத்தின் கூரையைப் பழுது பார்ப்பதற்கென எழுதப்பட்டிருந்த தொகை அடிக்கப்பட்டு, அங்கத்தினரின் பங்கு ஈவுத்தொகையுடன் சேர்க்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது, "கூரை இன்னும் ஓராண்டு தாங்கும், ஐயா" என்றனர். நாம் அக்கூடத்தில் நின்று அண்ணாந்து நோக்கினோம். ஓடுகளின் இடுக்கில் வானம் தெரிந்தது.

அப்போது நம் நினைவுக்கு வந்தது இலங்கையிலுள்ள ஒரு மரப்பாலம். தோட்டத் தொழிலாளராய்ச் சென்ற தமிழ் மக்கள் வழிவழியாக வாழும் ஊவா மலைநாட்டில், பதுளைக்கு அருகே பொகொட என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஓடும் கல்லந்த ஓயாவின் குறுக்கே, ஏறக்குறைய 50 அடி நீளமும் 6 அடி அகலமுமாக அப்பாலம் நிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டினது என்பர். தாங்கும் தூண்கள் பெரும் மருத மரங்கள்; மேலே முழு நீளத்திற்கும் ஓட்டுக் கூரை.

பாலத்திற்குக் கூரை எதற்கு? வழிப்போக்கர் நனையாதிருக்கத்தான் என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. மரம் உலர்ந்தே இருந்தால் நூற்றாண்டுகள் நிற்கும். நனைவதும் காய்வதும் மாறி மாறி வருவதே அதற்குக் கேடு. விட்டமும் தூணும் கூடும் பொருத்துவாயில் மழைநீர் தங்கி, பூஞ்சணம் பற்றி, உள்ளே உளுத்துப்போகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடு மாற்றுவது சிறு செலவு. விட்டம் மாற்றுவதோ பாலத்தையே மீண்டும் கட்டுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஆற்றின் மேல் பங்குதாரர் பணத்தில் ஒரு மரப்பாலம் எழுந்தது. 1805இல் அது திறக்கப்பட்டது. அதற்குக் கூரை வேண்டுமென்று வற்புறுத்தியவர் அப்பாலக் கம்பெனியின் தலைவராயிருந்த ரிச்சர்டு பீட்டர்ஸ் என்னும் நீதிபதி. பங்குதாரரின் பணத்தைக் காக்கும் பொறுப்புடையவர் கூரையைப் பற்றிக் கவலைப்பட்டது நமது நிர்வாகக் குழுவினர் கவனிக்கத்தக்கது.

அவ்வளவு தூரம் போவானேன்? சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டுவித்த ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான், கட்டியதோடு நில்லாமல், அதன் பராமரிப்புக்கெனத் தனியே பணமும் வைத்துச் சென்றார். அப்பாலம் 1960களில் மறைமலை அடிகள் பாலத்திற்கு இடம் விட்டது. அதாவது, ஏறத்தாழ 240 ஆண்டுகள் உழைத்தது! கட்டியவர் பெயரைச் சொல்லும் கல் அங்கு இன்னும் இருக்கிறது. ஓடு மாற்றியவனுக்கும் சுண்ணாம்பு பூசியவனுக்கும் எவரும் கல் நடுவதில்லை. ஆகையால்தான் நமது சங்கங்களிலும் புதுக் கட்டடத்திற்கு இருக்கும் உற்சாகம் பழுது பார்ப்பதில் இருப்பதில்லை போலும்.

நெசவாளர் வீட்டு அடுப்பின் நிலையை நாம் அறியாதவரல்லர். கைக்கு வரும் ஈவுத்தொகை சிறிதாயினும் தேவைப்படுகிறது. ஆயினும் அடிக்கப்பட்ட அத்தொகையை அங்கத்தினர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தோம். தலைக்கு ஒரு நாள் கூலிகூடத் தேறவில்லை. குழித்தறியின் மேல் ஒழுகும் கூரை ஓர் இரவில் கெடுக்கும் பாவு அதனினும் விலை மிக்கது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் நீர் நின்றதை மறந்தவர் இலர். வெள்ளத்தை நாம் தடுக்க இயலாது. ஒழுகலைத் தடுக்க இயலும். விவசாயிகள் சங்கங்களின் நெல் கிடங்குகளுக்கும் இது பொருந்தும்.

நிகர லாபத்தில் ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்குமாறு சட்டமே விதிக்கிறது. அதற்கு மேலும், ஈவுத்தொகையை முடிவு செய்யும் முன்பே கட்டடப் பராமரிப்புக்கென ஒரு தொகையைப் பிரித்துத் தனிக் கணக்கில் வைக்க ஒவ்வொரு சங்கமும் தீர்மானிக்க வேண்டும் என்பது நமது கருத்து. மேற்சொன்ன சங்கத்தின் பேரவைக் கூட்டம் ஆவணியில் கூடுகிறது. அடித்த வரியை மீண்டும் எழுதுமாறு எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். ஒப்புக்கொண்டால், ஐப்பசி மழைக்கு முன் ஓடு வேய்பவரை அழைக்கப் போதிய நாள் இருக்கிறது.