பல மரம் கண்ட தச்சன்

பொழுதுபோக்கு ஒன்று இருந்தால் போதும், இரண்டு மூன்றை வைத்துக்கொண்டால் எதுவும் உருப்படாது என்பது பரவலான எண்ணம். வீணை கற்கும் பெண் கேமரா வாங்கினால், முதலில் வர்ணத்தை ஒழுங்காக வாசி என்பார்கள். அவளே காபிக் கொட்டையை வாங்கி வறுத்து அரைக்கவும் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்ற பழமொழி தயாராக வந்து விழும். பழமொழியில் பிழையில்லை. மரத்துக்கு மரம் தாவி, ஒன்றிலும் உளி வைக்காமல் போகிறவனைப் பற்றியது அது. மூன்று மரத்திலும் கைவைத்துப் பார்த்தவனைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

இந்த எண்ணத்துக்கு அறிவியல் முலாமும் பூசியாயிற்று. ஒன்றில் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் 2008-இல் பிரபலமாக்கிய கணக்கு, உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றி 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுத்தது. சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த சாதகத்தின் சராசரி அது. அந்த அளவைத் தொடாதவர்களும் அதே குழுவில் இருந்தார்கள் என்று எரிக்சனே பின்னால் விளக்க வேண்டியிருந்தது. மேடையை நம்பிப் பிழைக்கப்போகிறவர்களின் கணக்கை, ஞாயிறு மாலை வாசிப்பவர் தலையில் ஏற்றுவது வீண் வேலை.

ஒரு பழக்கம் இன்னொன்றைக் கெடுக்கும் என்பவர்கள் கோடக்ரோம் பிறந்த கதையைப் பார்க்கலாம். 1935-இல் கோடாக் வெளியிட்ட அந்த வண்ணப் படச்சுருளை உருவாக்கிய இருவரும் இசைக்கலைஞர்கள்: லியோபோல்ட் மேன்ஸ் பியானோ, லியோபோல்ட் கொடோவ்ஸ்கி (இளையவர்) வயலின். படச்சுருளில் மூன்று நிறத்துக்கு மூன்று அடுக்குகள். முதலில் அவர்கள் கண்ட முறையில், வெளுப்புக் கரைசல் மேலடுக்கிலிருந்து எவ்வளவு ஆழம் ஊறி இறங்குகிறது என்பதை நேரத்தால் மட்டுமே கட்டுப்படுத்த முடியும். சில நொடி கூடினால் அடுத்த அடுக்கும் போய்விடும். இருட்டறையிலோ ஒளிரும் முள் கொண்ட கடிகாரத்தைக்கூட வைக்க முடியாது. இருவரும் பிராம்ஸின் சி மைனர் சிம்பொனியின் கடைசிப் பகுதியை, நொடிக்கு இரண்டு தட்டு என்ற கதியில் சீழ்க்கையடித்து நேரத்தை அளந்தார்கள். லயம் உடம்பில் ஊறியவர்களுக்கே அது முடியும். அதனால் மேன்ஸின் இசையும் கெட்டுப்போகவில்லை. தம் பெற்றோர் 1916-இல் நியூயார்க்கில் தொடங்கிய இசைப் பள்ளிக்குப் பின்னாளில் அவரே தலைவரானார்.

காபிக்கும் படச்சுருளுக்கும் உள்ள உறவு இன்னும் நெருக்கமானது. 1995-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்காட் வில்லியம்ஸின் வகுப்பு, இன்ஸ்டன்ட் காபியையும் சலவைச் சோடாவையும் கலந்து கறுப்புவெள்ளைப் படச்சுருளைக் கழுவிக் காட்டியது. அந்தக் கரைசலுக்குக் ‘காஃபினால்’ என்று பெயர். வேலை செய்வது காஃபின் இல்லை, காபியில் உள்ள கஃபேயிக் அமிலம். ஆகவே காஃபின் நீக்கிய காபியும் உதவும். பின்னால் வைட்டமின் சி சேர்த்து வேகத்தைக் கூட்டினார்கள். 20 டிகிரியில் சுமார் கால் மணி நேரம் பிடிக்கும். நாற்றம் மட்டும் சகிக்காது.

இது வேதியியல் விளையாட்டோடு முடிவதில்லை. பித்தளை ஃபில்டரில் பொடி நைசாக இருந்தால் டிகாக்ஷன் இறங்காமல் அடைத்துக்கொள்ளும். கரகரப்பாக இருந்தால் மளமளவென்று இறங்கி வெறும் கறுப்புத் தண்ணீராக நிற்கும். வெந்நீர் ஆறியிருந்தால் புளிப்பு, அதிக நேரம் ஊறினால் கசப்பு. படச்சுருள் கழுவுவதிலும் இதேபோல் மூன்று பிடிகள்தான்: செறிவு, சூடு, நேரம். சென்னையில் மே மாதம் மேல்தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். ஐஸ் கட்டி போட்டு இறக்காமல் கழுவினால், 20 டிகிரிக்குச் சொன்ன நேரத்தில் நெகட்டிவ் கன்னங்கரேலென்று வந்து நிற்கும். காலையில் டிகாக்ஷன் ஏன் தண்ணீராக இறங்கியது என்று யோசித்துப் பழகியவர், மாலையில் கழுவிய நெகட்டிவ் ஏன் கறுத்தது என்று யாரையும் கேட்கவேண்டியதில்லை.

சரளிவரிசையை மூன்று காலத்தில் பாடியவருக்கு ஷட்டர் வேகம் புதிதல்ல. முதற்காலத்தில் ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கேமராவிலும் அறுபதில் ஒரு பங்கு நொடி, முப்பதில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று வெளிச்சம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். ஒரு படி நகர்த்தினால் ஒரு காலம் மாறியதாக வைத்துக்கொள்ளலாம்.

ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) முதலில் பியானோக் கலைஞராகவே ஆக நினைத்தவர். நெகட்டிவ் இசைக்குறிப்பு போன்றது, அச்சுப்படம் அதன் கச்சேரி என்பது அவர் கருத்து. 1941-இல் நியூமெக்சிகோவில் எடுத்த நிலா எழும் படத்தை அவர் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பழைய அச்சில் வானத்தில் மேகம் தெரியும். பிந்தியவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கறுப்பு. ஒரே கீர்த்தனையை இளமையில் ஒரு விதமாகவும் முதுமையில் வேறு விதமாகவும் பாடும் வித்வானை நன்கறிந்த தமிழ் ரசிகருக்கு இதில் வியப்பில்லை.

ஒரு பழக்கம் இன்னொன்றைக் கெடுக்கும் என்பதற்கு நேரெதிரான மூடநம்பிக்கையும் உண்டு. மொசார்ட் கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு அந்த வகை. வயலினில் பழகிய விரல் கேமராவைச் சிறப்பாகப் பிடித்துவிடாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவது விரலின் திறமையல்ல, அளந்து பார்க்கும் பழக்கமும் பிழையைத் தேடும் பொறுமையும். லென்ஸ், அரைவை இயந்திரம், ஹெட்ஃபோன் என்று வாங்கிக் குவிப்பவரிடம் அந்தப் பழக்கம் உருவாவதில்லை. தச்சன் பழமொழி அவருக்குப் பொருந்தும்.

மிச்சமிருப்பது நேரம் போதாது என்ற புகார். டிகாக்ஷன் இறங்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு ஃபில்டரைப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. ஒரு வர்ணத்தை இரண்டு காலத்திலும் வாசித்துவிடலாம்.