பறை என்றால் சொல்!



'டிரம்' என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? பேண்டு வாத்தியக்காரர் கழுத்தில் மாட்டியிருப்பதா, வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம்மா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். காதுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வையும் அவர்கள் காது டிரம் என்றே சொல்கிறார்கள். நாம் அதைச் 'செவிப்பறை' என்கிறோம். அறிவியல் நோட்டில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்களே, அதுதான்! அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஒலி அலை வந்து மோதியதும், தோல் கட்டிய பறையைப் போலவே அதிர்கிறது.

பறை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. 'பறைதல்' என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் 'பறயூ' என்றால் 'சொல்லுங்கள்'. கன்னியாகுமரி மாவட்டப் பேச்சிலும் இதைக் கேட்கலாம். அரசர் ஆணையைப் பறையடித்து ஊருக்குச் சொன்னதால் 'பறைசாற்றுதல்' என்ற சொல் வந்தது. கேட்ட ரகசியத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிபவரை, வள்ளுவர் 1076ஆம் குறளில் பறைக்குத்தான் ஒப்பிடுகிறார். தொல்காப்பியமோ ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில், தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது.

இந்தச் சொல்லை இன்று சிலர் வாய்விட்டுச் சொல்லவே கூசுகிறார்கள். ஒரு பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழில் பறையாட்டத்தை 'வில்லேஜ் டிரம்ஸ்' என்று அச்சடித்திருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. துக்க வீட்டில் அடிப்பது என்பதால் அதற்குச் 'சாவு மேளம்' என்று பெயர் வைத்து, அடித்தவர்களையும் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்தது நம் ஊர். அந்த மக்களின் பெயர் கடல் கடந்து ஆங்கில அகராதிக்குள்ளும் போய்விட்டது. அங்கே 'பரையா' என்றால் 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர்'. பறை என்ற சொல்லிலிருந்து வந்தது என்று அகராதிகளே விளக்கம் தருகின்றன. உலக நாடுகள் ஒரு நாட்டை ஒதுக்கினால், அதற்கு இந்தப் பெயரைச் சூட்டிப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். சொல்வதற்கென்று பிறந்த சொல்லுக்கு வந்த கதியைப் பாருங்கள்!

டிரினிடாட் தீவில் நடந்ததையும் கேளுங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே தோல் டிரம் அடித்து வந்தார்கள். 1880களில் ஆங்கிலேய அரசு அதற்குத் தடை போட்டது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. மூங்கில் கழிகளைத் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு பிஸ்கட் டப்பாக்களைத் தட்டினார்கள். கடைசியில் காலி எண்ணெய் டிரம்மை வெட்டி, சுத்தியலால் தட்டிக் குழித்து, ஒவ்வொரு குழியிலும் ஒரு சுரம் எழுப்பினார்கள்! தண்ணீர் பிடிக்கும் டிரம்மும் வாசிக்கும் டிரம்மும் ஒன்றாகிவிட்டதல்லவா? முதலில் அதை வாசித்தவர்களை ரவுடிகள் என்றுதான் பேசினார்கள். 1992ல் அதுவே அந்த நாட்டின் தேசிய வாத்தியமாக அறிவிக்கப்பட்டது. ஐ.நா. சபை 2023ல், ஆகஸ்ட் 11ஆம் தேதியை அந்த வாத்தியத்துக்கான உலக தினமாக அறிவித்தது.

இங்கேயும் காலம் மாறி வருகிறது. மதுரைப் பகுதிப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்படியிருக்க, அழைப்பிதழில் மட்டும் ஏன் தயக்கம்? உங்கள் பள்ளி விழாவில் பறை ஒலித்தால் 'பறையாட்டம்' என்றே அச்சிடும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். விழா தொடங்குமுன் கலைஞர்கள் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவார்கள். ஈரக் காற்றில் தொய்ந்த தோல் சூட்டில் உலர்ந்து விறைப்பாகும். அப்போதுதான் நாதம் கணீரென்று வரும். பக்கத்தில் போய் நின்று பாருங்கள். வலக்கையில் இருக்கும் குட்டையான குச்சி அடிக்குச்சி. இடக்கையில் இருக்கும் மெல்லிய நீளக் குச்சிக்கு என்ன பெயர் என்று அவர்களிடமே கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்லித் தருவார்கள்.