நாடி பிடிக்கத் தெரிந்தால்

பழைய மாருதியை எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் வாசலிலேயே இன்ஜினைச் சோதித்துவிடலாம்.

கொல்கத்தாவின் அலிப்பூரில் சோதனைக்குப் பஞ்சமில்லை. 1912ல் தொடங்கப்பட்ட தேசியப் பரிசோதனைக் கூடம் இருப்பது இங்கேதான். சிமெண்ட் முதல் மின்சார ஒயர் வரை பலவற்றின் தரத்தை அது சோதித்துச் சொல்கிறது. தெற்கு 24 பர்கானாஸ் மாவட்டத்தின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் இங்கேதான். பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த இரண்டாவது அலுவலகம்.

காரணம் எளிமையானது. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் வந்த 2010 ஏப்ரலில் கொல்கத்தா உள்ளிட்ட 13 நகரங்களில் மாருதி 800 விற்பனை நிறுத்தப்பட்டது. ஆக, அதற்கு முன் நகரத்தில் புதிதாக வாங்கிய எந்த 800ம் இன்று 15 வயதைத் தாண்டிவிட்டது. பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கொல்கத்தாவிலும் ஹவுராவிலும் 15 வயதைக் கடந்த வண்டிகளை ஆறு மாதத்தில் விலக்கும்படி உத்தரவிட்டது.

இந்த நிலையில் காருக்குச் செலவு செய்வதா, விடை கொடுப்பதா? இன்ஜினைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. உதிரி பாகங்களுக்கு மல்லிக் பஜார் இருக்கிறது. ஆனால் எந்தப் பாகம் கெட்டது என்று தெரியாமல் அங்கே போவது, நோய் தெரியாமல் மருந்துக் கடைக்குப் போவதற்குச் சமம்.

பெட்ரோல் இன்ஜினுக்கு வேண்டியவை நான்கு: காற்று, பெட்ரோல், நெருப்புப் பொறி, அழுத்தம். இவற்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்று மட்டும் கேட்டு விளக்குகள் மங்கினால் இன்ஜினைக் குறை சொல்ல வேண்டாம். பாட்டரியையும், அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பையும் கவனியுங்கள்.

மழைக்காலத்து ஈரம் இன்னொரு எதிரி. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்பரேட்டர் மாடல்களில் அதன் மூடியில் ஒரு விரிசல் இருந்தால் போதும், ஈரம் புகுந்து பொறி வழிதவறும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து, எதையும் தொடாமல் பாருங்கள். ஒயர்களைச் சுற்றி நீலப் பொறி தெரிந்தால் மாற்ற வேண்டியது ஒயரும் மூடியும்தான், கார்பரேட்டர் அல்ல.

796 சி.சி. கொண்ட இந்த இன்ஜினுக்கு மூன்றே சிலிண்டர்கள். ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும். கார் முழுவதும் உதறும். இன்ஜின் ஆறிய பின், எந்த ஒயர் எந்தப் பிளக்குக்கு என்று குறித்துக்கொண்டு மூன்று பிளக்குகளையும் கழற்றுங்கள். வெளிர் பழுப்பு நிறம் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம் அல்லது சோக் சிக்கியிருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே கசிகிறது. வெளுத்துப் போயிருந்தால் சூடு அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு.

புகையும் இதையே சொல்லும். கறுப்பு, பெட்ரோல் வீணாவதன் அடையாளம். நீலம், ஆயில் எரிவதன் அடையாளம்: நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்தால் வால்வ் சீல் மீது சந்தேகம், வேகமெடுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் மீது. குளிர்காலக் காலையில் சிறிது நேரம் வரும் வெண்புகை வெறும் நீராவி. இன்ஜின் சூடேறிய பிறகும் அது நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டியதுதான்.

கடைசி சாட்சி கம்ப்ரஷன் கேஜ். இக்னிஷனைத் துண்டித்து, பிளக் துளையில் அதைப் பொருத்தி, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தி இன்ஜினைச் சுற்றவிட்டால் முள் அழுத்தத்தைக் காட்டும். மூன்று சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள். முள் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. மாடல்களில் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விடுவது நல்லது.

சில எச்சரிக்கைகள்: மூடிய கராஜில் இன்ஜினை ஓட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

புகைச் சான்றிதழிலும் இந்தக் கண்டுபிடிப்பு உதவும். கார் ஐட்லிங்கில் இருக்கும்போது, பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய கார் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி. பாரத் ஸ்டேஜ் 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதம்தான். அடைத்துக்கொண்ட ஒரு ஃபில்டரே காரைத் தோற்கடித்துவிடலாம்.

கறுப்புப் புகையும் கரிந்த பிளக்கும் பெரும்பாலும் சின்னச் செலவு, செய்துவிட்டுப் புதுப்பிக்கலாம். நீலப் புகையோடு அழுத்தமும் குறைந்திருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவு காரின் விலையைத் தொட்டுவிட்டால் புதுப்பிக்கும் கட்டணத்தைக் கட்டும் முன் யோசிக்கலாம். எப்படியானாலும், “இன்ஜின் சரியில்லை” என்று மெக்கானிக்கிடம் போகிறவருக்கும், “இரண்டாவது சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு” என்று போகிறவருக்கும் ஒரே பில் வராது.