மறதிநோய் இல்லத்தின் தரமும் ஆயாவின் கூலியும்

ஆண்டாப் ஹில்லின் சால்களிலும் குடிசை மாற்று அடுக்ககங்களிலும் இன்று முதுமையில் தளர்ந்திருப்பவர்கள், மும்பையைத் தம் உழைப்பால் நிமிர்த்திய தலைமுறையினர். தாராவித் தோல் பதனிடும் கூடங்களிலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் ஆண்கள் உழைத்தார்கள். வீட்டு வேலையிலும் இட்லி வியாபாரத்திலும் பெண்கள் உழைத்தார்கள். அவர்களில் ஒருவருக்கு டிமென்ஷியா எனப்படும் மறதிநோய் வந்துவிட்டால், பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வாழும் குடும்பம் என்ன செய்யும்? மகன் ஷிப்டுக்குப் போக வேண்டும். மருமகள் நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். நள்ளிரவில் எழுந்து ஊருக்குப் போக வேண்டும் என்று கதவைத் தட்டும் தாயை யார் பார்த்துக்கொள்வது? வெளியே பூட்டிவிட்டுப் போவது, மருமகள் வேலையை விடுவது, ஊரிலிருக்கும் மகளிடம் அனுப்பிவைப்பது ஆகிய மூன்று வழிகளும் அடைபட்ட பிறகே, சிறிய பராமரிப்பு இல்லம் ஒன்றைக் குடும்பம் தேடத் தொடங்குகிறது.

இது ஒரு குடும்பத்தின் தனித் துயரம் அன்று. எய்ம்ஸ் மருத்துவர்களும் பங்கேற்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடத்தும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் பாதிப்பு அதிகம் என்றும் அந்த ஆய்வு கண்டது. மறதிநோயாளிகளுக்காகச் செலவிடப்படும் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயின் சுமையும் பராமரிப்பின் சுமையும் ஒருசேரப் பெண்கள் தலையிலேயே விழுகின்றன.

தேடிச் செல்லும் குடும்பம் இல்லத்தை எப்படி எடைபோடுகிறது? வாடகை பிளாட் ஒன்றில் எட்டோ பத்தோ கட்டில்கள் கிடக்கின்றன. பளபளக்கும் தரை, சுவரில் கேமரா, நுழைவாயிலில் சாமி படம், மேலாளரின் கனிவான பேச்சு. அரைமணி நேரத்தில் முடிவெடுத்து டெபாசிட் கட்டிவிட்டு வருகிறார்கள். இவை எதுவும் அந்த இல்லத்தின் தரத்தைக் காட்டுவதில்லை. தரத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. அது அங்கே வேலை செய்யும் ஆயாவின் நிலைமை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், ஒருவர் எத்தனை முதியோரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதே முதல் கேள்வி. மறதிநோயாளிகள் பலருக்கு மாலை மங்கும் நேரத்தில் பதற்றம் கூடும். எனவே இல்லத்தைக் காலை பத்து மணிக்குப் பார்த்தால் போதாது. மாலை ஆறு மணிக்கும் உணவு வேளையிலும் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆயாக்கள் இல்லத்தின் நேரடி ஊழியர்களா, ப்யூரோ அனுப்பியவர்களா? எத்தனை மாதங்களாக அங்கே இருக்கிறார்கள்? வார விடுமுறை உண்டா? பன்னிரண்டு மணி நேரம் நின்று, கமிஷன் போக மிஞ்சும் கூலியில் அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்ணால், ஒரு முதியவரின் பழக்கங்களை அறிந்துகொள்ள முடியாது. பெயர்களெல்லாம் நழுவிப்போனவருக்குத் தினமும் பார்க்கும் முகம் ஒன்றே பற்றுக்கோடு. மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் அந்தப் பற்றுக்கோடும் போய்விடும்.

ஆள் குறைந்தால் என்ன நடக்கும் என்பதைச் சட்டமே முன்னுணர்ந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. சங்கிலியால் பிணைப்பதை அது அடியோடு தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, உடல்ரீதியான கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது. ஊழியர் பற்றாக்குறையை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவரைக் கட்டிவைக்கக் கூடாது என்றும் அது வெளிப்படையாகச் சொல்கிறது. அந்த ஒரு வாசகம் முதியோரின் கண்ணியத்தையும் தொழிலாளியின் பணிநிலைமையையும் ஒரே முடிச்சில் போடுகிறது.

கயிறு இல்லாமலும் கட்டிவைக்க முடியும். அதற்கு மாத்திரை இருக்கிறது. பிரிட்டனில் 2009இல் அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கை ஒன்று, மனநோய்க்கான மருந்துகள் சுமார் 1,80,000 மறதிநோயாளிகளுக்குத் தரப்படுவதாகவும், அவர்களில் 36,000 பேர் அளவிலேயே ஓரளவு பயனடைவதாகவும், ஆண்டுக்கு 1,800 கூடுதல் மரணங்கள் நேர்வதாகவும் மதிப்பிட்டது. ஆகவே மருந்துச் சீட்டை எழுதியவர் யார், எதற்காக, எப்போது மறுபரிசீலனை செய்யப்படும் என்று கேட்பது குடும்பத்தின் உரிமை. மாதந்தோறும் எடை குறிக்கும் ஏடு, கீழே விழுந்த நிகழ்வுகளைப் பதியும் ஏடு, படுக்கைப் புண் குறித்த பதிவு ஆகிய மூன்றையும் காட்டத் தயங்கும் இல்லத்திலிருந்து திரும்பிவிடுவதே நல்லது.

மும்பைத் தமிழருக்கு மேலும் ஒரு கேள்வி உண்டு. பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவதும் தாய்மொழி எஞ்சி நிற்பதும் இந்நோயில் பரவலாகக் காணப்படுகிறது. ஐம்பது ஆண்டுகள் இந்தியும் மராத்தியும் பேசிய மூதாட்டி ஒருநாள் நெல்லைத் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்பார். அது புரியாத இடத்தில் அவருடைய தாகம் முரட்டுத்தனமாகப் பதிவாகும். முரட்டுத்தனத்துக்கு மாத்திரை வரும். ஆயாவுக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும், அல்லது இருபது சொற்களையேனும் கற்றுத்தர இல்லம் இசைய வேண்டும். அந்த இருபது சொற்கள் நூறு மாத்திரைகளை மிச்சப்படுத்தும்.

சிறியது என்பதாலேயே நல்லதாகிவிடாது

சிறிய இல்லம் மறதிநோயாளிக்கு ஏற்றது என்பது உண்மைதான். நெதர்லாந்தின் வேஸ்ப் நகரில் 2009 முதல் இயங்கும் ஹோகவேக் குடியிருப்பில் ஆறேழு பேர் ஒரு வீட்டில் வாழ்கிறார்கள். அவர்களே கடைக்குப் போகிறார்கள், தோட்டத்தில் நடக்கிறார்கள். ஆனால் அந்தச் சின்ன வீட்டின் பின்னால் பெரிய பொது நிதி நிற்கிறது. இங்கே சிறியது என்றால் பெரும்பாலும் எந்த அதிகாரியின் கண்ணிலும் படாதது என்றே பொருளாகிறது.

பெரிய நிறுவனம் வந்தால் பாதுகாப்பு வந்துவிடும் என்பதும் பொய். பிரிட்டனில் சுமார் 750 இல்லங்களை நடத்திய சதர்ன் கிராஸ் நிறுவனம், கட்டடங்களை விற்று அவற்றையே வாடகைக்கு எடுத்து நடத்தியது. வாடகை கட்ட முடியாமல் 2011இல் சரிந்தது. 31,000 முதியோர் அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாமல் தவித்தார்கள். நம் நாட்டிலோ நிதி ஆயோக் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, முதியோர் பராமரிப்பை 'வெள்ளிப் பொருளாதாரம்' என்ற பெயரில் முதலீட்டு வாய்ப்பாகவும் விவரிக்கிறது. முதுமையும் சந்தைக்கு வந்துவிட்டது.

சட்டத்தின் நிலை என்ன? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. வறிய முதியோர் 150 பேர் தங்கத்தக்க இல்லம் ஒன்றையேனும் மாவட்டந்தோறும் மாநில அரசுகள் அமைக்கலாம் என்றது. 'அமைக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லில் அரசுகள் ஒளிந்துகொண்டன. பராமரிப்பு இல்லங்களைப் பதிவு செய்வதையும் குறைந்தபட்சத் தரங்களையும் கட்டாயமாக்க 2019இல் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா, 2024இல் மக்களவையின் காலம் முடிந்தபோது காலாவதியாயிற்று.

பொறுப்பு யாருடையது?

இபிஎஃப் ஓய்வூதியத் திட்டத்தில் 2014இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்குக் கீழ் உள்ளோருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு 200 ரூபாய். இந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல இல்லத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு தொழிலாளிக் குடும்பத்திடம் சொல்வது கேலி. ஆய்வாளர் செய்ய வேண்டிய சோதனையைக் களைத்துப்போன மருமகள் செய்கிறாள். அரசு செய்ய வேண்டிய செலவைக் கடன் வாங்கிய மகன் செய்கிறான்.

பெற்றோரை இல்லத்தில் விடுவதே பாவம், குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற குரல் நம் கட்சிக் குடும்பங்களுக்குள்ளும் ஒலிக்கிறது. அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் ஆண். பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் பெண். அந்தப் பெண் வேலையையும் கூட்டத்தையும் சங்கத்தையும் விட்டு வீட்டுக்குள் முடங்கும்போது இயக்கம் ஒரு தோழரை இழக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள விரும்புவோருக்குத் துணை வேண்டும். முடியாதவர்களுக்கு நம்பத்தகுந்த இல்லம் வேண்டும். இரண்டும் பொதுப் பொறுப்பாக வேண்டும்.

முடியும் என்பதற்குக் கேரளம் சான்று. 2008இல் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் நாட்டிலேயே முதன்முதலாக வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கை வகுக்கப்பட்டது. ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர் வீடு தேடிச் சென்றார்கள். 2014இல் வேறு ஆட்சியின்போது தொடங்கிய 'ஸ்மிருதிபதம்' திட்டம், குன்னங்குளத்தில் பகல்நேர மையத்தையும் எடவனக்காட்டில் தங்கும் இல்லத்தையும் மறதிநோயாளிகளுக்காக அமைத்தது. தேவையோடு ஒப்பிட்டால் இவை சிறு தொடக்கமே. ஆயினும் மக்கள் கேட்டுப் பழகிய மாநிலத்தில் ஆட்சிகள் மாறினாலும் அரசு முற்றிலும் கைகழுவிவிட முடியாது என்பதை இவை காட்டுகின்றன.

மும்பை மாநகராட்சியின் 2025–26 பட்ஜெட் 74,000 கோடி ரூபாயைத் தாண்டியது. ஆண்டாப் ஹில், மாட்டுங்கா, சயான், வடாலா பகுதிகளை உள்ளடக்கிய எஃப் வடக்கு வார்டில் மறதிநோயாளிகளுக்குப் பகல்நேர மையம் ஒன்றைக் கேட்பது பேராசை ஆகாது. வார்டுக்கு உட்பட்ட இல்லங்களின் பொதுப் பட்டியல், கட்டாயப் பதிவு, ஆண்டுக்கு இருமுறை முன்னறிவிப்பற்ற ஆய்வு, ஆயாக்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் எட்டு மணி நேர வேலையும், அவர்களுக்கு அரசுச் செலவில் பயிற்சி ஆகியவை உடனடிக் கோரிக்கைகளாக வேண்டும்.

கிளைகள் இதைத் தம் தெருவிலிருந்தே தொடங்கலாம். இந்நோயோடு போராடும் வீடுகளைக் கணக்கெடுத்து, அந்தக் குடும்பங்களையும் இல்லங்களில் வேலை செய்யும் ஆயாக்களையும் ஒரே கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். அந்த இல்லங்களில் வேலைக்குப் போகும் பெண்களில் பலர் இதே குடிசைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். முதலாளி இவ்விரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்துகிறான். சங்கம் அவர்களை ஒரே பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஆயா தூங்க நேரம் கிடைக்கும் இல்லத்தில்தான் தாயும் நிம்மதியாகத் தூங்குவாள்.