நத்தையைக் கொல்ல ஈயை இறக்கிய ஹவாய்... 'இயற்கை வழி' என்றாலே பாதுகாப்பா?

பூச்சி, நத்தை என்று எந்தத் தொல்லை வந்தாலும் இப்போது பலரும் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: "மருந்து வேண்டாம், இயற்கையான எதிரியை விடுங்க." கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால், அந்த எதிரி வேறு எதையெல்லாம் சாப்பிடும் என்று பார்க்காமலே விட்டால் என்ன ஆகும்? அதற்கான பதில் ஹவாய் தீவுகளில் கிடைக்கிறது.

யார் இந்த நத்தைக்கொல்லி ஈ?

சயோமைசிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை இந்த ஈக்கள். உலகம் முழுக்க 500-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. குளம், சதுப்பு நிலம், வயல் ஓரப் புல்லில் சும்மா உட்கார்ந்திருக்கும். வளர்ந்த ஈயைப் பார்த்தால் கொலைகாரன் என்றே தோன்றாது. பனித்துளியையும் பூந்தேனையும் உறிஞ்சிக்கொண்டு தன் பாட்டுக்கு இருக்கும்.

கொலையெல்லாம் அதன் புழுப் பருவத்தில்தான். நீரில் வாழும் புழு, காற்றை விழுங்கி மிதந்தபடி நத்தைக்காகக் காத்திருக்கும். நத்தை பக்கத்தில் வந்ததும் தாக்கிச் சாப்பிட ஆரம்பித்துவிடும். கூட்டுப்புழு ஆவதற்குள் ஒரே புழு பத்துக்கும் மேற்பட்ட நத்தைகளைக் காலி செய்துவிடும்.

எல்லா இனமும் இப்படி இல்லை. சில இனங்களில் தாய் ஈ நத்தையின் ஓட்டின் மேலேயே முட்டையிடும். புழுவுக்கு அந்த ஒரு நத்தையே வீடு, அதுவே சாப்பாடு. சில இனங்கள் ஓடில்லாத நத்தைகளையும், சில நத்தை முட்டைகளையும், சில சின்னச் சிப்பிகளையும் குறிவைக்கும். சிம்பிளா சொன்னா, ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு தனி மெனு.

ஹவாய் ஏன் இதை வரவழைத்தது?

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளிஃபோர்ட் பெர்க், இந்தப் புழுக்கள் நத்தைகளைத் தின்கின்றன என்பதை 1953-ல் வெளியிட்டார். நத்தை வழியாகப் பரவும் நோய்களை அடக்க இது உதவும் என்ற நம்பிக்கை பிறந்தது.

அப்போது ஹவாயில் மாடுகளுக்கு ஈரல் தட்டைப்புழு பெரிய பிரச்சினை. சாணத்தோடு வரும் இந்தப் புழுவின் முட்டை நீரில் பொரிக்கும். வெளிவரும் குஞ்சு, லிம்னேயிட் என்ற நன்னீர் நத்தைக்குள் புகுந்து பெருகும். பிறகு வெளியேறி, புல்லில் ஒட்டிக்கொண்டு மாட்டின் வயிற்றுக்குப் போகும். நடுவில் நத்தை இல்லையென்றால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். நத்தையைக் கொல்லும் ரசாயனங்களில் சில மீனையும் சேர்த்துக் கொல்லும். எனவே 1958-ல் நிகரகுவாவிலிருந்து ஒரு நத்தைக்கொல்லி ஈ கொண்டுவரப்பட்டது. 1966-ல் ஆசியாவைச் சேர்ந்த இன்னொரு இனம் வந்தது.

எங்கே இடறியது?

ஈக்கு முன்பே, 1955-ல், இன்னொரு 'இயற்கை எதிரி'யையும் ஹவாய் இறக்கியிருந்தது. ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் வாழும் ஓநாய் நத்தை வந்தது. மற்ற நத்தைகளைத் தின்னும் நத்தை இது. ராட்சத நத்தையை விட்டுவிட்டு, ஹவாயில் மட்டுமே வாழ்ந்த சின்ன நத்தைகளை வேட்டையாடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

அதோடு ஒப்பிட்டால் ஈ ரொம்ப சமர்த்து. கண்டதையும் தின்னாது. ஆனால், அந்தச் சமர்த்திலேயே ஒரு சிக்கல். அது குறிவைப்பது லிம்னேயிட் நத்தைகளை. ஹவாயின் கவாய் தீவில், சுத்தமான ஓடைகளிலும் அருவிப் பாறைகளிலும் மட்டுமே வாழும் நியூகோம்ப் நத்தையும் அதே குடும்பம்தான். உலகில் வேறெங்கும் இது கிடையாது. 2000-ல் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தபோது, அச்சுறுத்தல்களின் பட்டியலில் ஓநாய் நத்தையோடு இந்த இரண்டு ஈக்களும் இடம்பெற்றன.

மாட்டு நத்தை எது, மலை ஓடை நத்தை எது என்று ஈக்கு எப்படித் தெரியும்? அதற்கு எல்லாமே சாப்பாடுதான். அந்த வித்தியாசத்தை யோசித்திருக்க வேண்டியது மனிதர்கள்.

அப்போ என்னதான் செய்வது?

இதனால் உயிரியல் கட்டுப்பாடே தப்பு என்று சொல்ல முடியாது. ரசாயனத்துக்கு மாற்று கண்டிப்பாகத் தேவை. ஆனால், மருந்தை நிறுத்த நினைத்தால் அடுத்த நாளே நிறுத்தலாம். பறந்து போய் முட்டையிட்டுப் பெருகிய ஈயை யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது. அதனால், மருந்துக்குக் கேட்பதைவிட ஈக்குத்தான் அதிகக் கேள்வி கேட்க வேண்டும். எந்த நத்தையைக் கொல்லும் என்பது பாதிக் கேள்விதான். அதன் சொந்தக்காரர்களில் எதையெல்லாம் விட்டுவைக்கும் என்பது மீதிப் பாதி. உள்ளூர் நத்தைகளை வைத்து அதைச் சோதிக்காமல் திறந்துவிடக் கூடாது.

இன்னொரு எளிய வழியும் இருக்கிறது. வெளியிலிருந்து வரவழைக்கும் முன், உள்ளூரில் ஏற்கெனவே இருக்கும் ஈக்களைக் காப்பாற்றலாம். ஆசியாவின் நெல் வயல்களிலும் செபிடான் வகை நத்தைக்கொல்லி ஈக்கள் வாழ்கின்றன. நீரோரச் செடிகளில்தான் முட்டையிடும். கரைப் புல்லை மொத்தமாக வழித்துவிட்டு, பூச்சி மருந்தையும் அடித்துவிட்டால், சம்பளம் கேட்காத இந்த வேலைக்காரர்களும் சேர்ந்தே காலி.

ஆப்பிரிக்க ராட்சத நத்தை கேரளத் தோட்டங்களையும் படுத்தி எடுக்கிறது. "அதைத் தின்னும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் என்ன?" என்ற யோசனை யாருக்கும் எளிதில் வரும். ஹவாய்க்கும் அந்த யோசனைதான் வந்தது.