லேப்டாப்பில் ஓடிய புரோகிராம் மோட்டார் போர்டில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: ‘ஒன்றரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் போட்டிருக்கிறோம். ஈரம் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும்படி, இன்ஜினீயரிங் படிக்கும் மகன் லினக்ஸ் ஓடும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு ஒன்று வாங்கி, சி மொழியில் புரோகிராம் எழுதினான். லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. போர்டில் ஏற்றினால் ஓட மறுக்கிறது. போர்டு பழுதா? வேறு வாங்க வேண்டுமா?’
- வாசகர், திருமழிசை.

பதில்: அவசரப்பட்டு வேறு போர்டு வாங்க வேண்டாம். இப்படி நடந்தால் பெரும்பாலும் போர்டில் பழுது இருக்காது.

சி மொழியில் எழுதியதை பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். லேப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசஸர். சின்ன போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம் வகை. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. லேப்டாப்பில் வழக்கம்போல் கம்பைல் செய்தால் லேப்டாப்புக்கான புரோகிராம்தான் கிடைக்கும்.

அதற்காக லேப்டாப்பை ஒதுக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் நாற்று விட்டு வயலில் நடுகிறோம். நாற்றங்கால் எங்கே இருந்தாலும், விதை நடப்போகும் வயலுக்கு ஏற்ற ரகமாக இருக்க வேண்டும். அதுபோல லேப்டாப்பிலேயே, போர்டின் பிராசஸருக்கு ஏற்றபடி மாற்றித் தருவதுதான் ‘கிராஸ் கம்பைலர்’. இதை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

போர்டிலேயே கம்பைல் செய்யலாமே என்று தோன்றலாம். சில போர்டுகளில் முடியும். பலவற்றில் அதற்கு நினைவகம் போதாது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘தேஜஸ்32’ சிப்பில் உள்ள நினைவகம் 256 கேபி மட்டுமே. சென்னை ஐஐடி உருவாக்கி, 2018-ல் சிப்பாக வெளிவந்த ‘சக்தி’ பிராசஸருக்கும் லேப்டாப்பில் கிராஸ் கம்பைல் செய்துதான் போர்டில் ஏற்றுகிறார்கள். இவை இரண்டும் ‘ரிஸ்க்-வி’ வகை. ஆர்ம் புரோகிராம் இவற்றில் ஓடாது.

இனி, திரையில் வரும் செய்தியைப் பார்த்துக் குறையைக் கண்டுபிடிக்கலாம்.

1. ‘எக்செக் ஃபார்மட் எரர்’: ரகம் மாறிவிட்டது. சில போர்டுகளில் இதே குறைக்கு ‘சின்டாக்ஸ் எரர்’ என்றும் வரும். போர்டில் ஏற்கெனவே ஓடும் ஒரு புரோகிராமை, உதாரணமாக ‘எல்எஸ்’ஸை, லேப்டாப்புக்கு நகலெடுக்க வேண்டும். அதையும் மகன் தயாரித்ததையும் லேப்டாப்பில் ‘ஃபைல்’ கட்டளை கொடுத்து ஒப்பிட வேண்டும். பிராசஸர் வகை, 32 பிட்டா 64 பிட்டா என்ற இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

2. ‘நாட் ஃபவுண்ட்’: ஃபைல் கண்ணெதிரே இருக்கும்போதே இப்படி வந்து குழப்பும். காணாமல் போனது புரோகிராம் அல்ல; அது ஓடுவதற்குத் துணையாக வேண்டிய லைப்ரரி ஃபைல்கள். ‘ஸ்டாட்டிக்’ முறையில் கம்பைல் செய்தால் அவையும் புரோகிராமுக்குள்ளேயே சேர்ந்துவிடும். தாய்மண்ணோடு நாற்றைப் பெயர்த்து நடுவது போல. ஃபைல் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

3. ‘பெர்மிஷன் டினைடு’: ஓட அனுமதி இல்லை. ‘சிஎச்மாட்’ கட்டளையில் அனுமதி கொடுக்கலாம். பென்டிரைவில் வைத்தபடியே ஓட்டாமல், போர்டுக்குள் நகலெடுத்து ஓட்டுவது நல்லது.

புரோகிராம் ஓடத் தொடங்கியதும் மோட்டாரை இணைத்துவிடக் கூடாது. கோடையில் ஒருநாள் தண்ணீர் தவறினால் கீரை வாடிவிடும். கிணற்றில் நீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் காயில் கருகும். அதனால் ஒரு வாரம் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை இணைத்து, ஈரம் குறையும்போது எரிகிறதா, நனைந்ததும் அணைகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் போய் வந்தால் புரோகிராம் தானாகத் தொடங்குகிறதா, சென்சார் ஒயரைக் கழற்றினால் பல்பு அணைந்தே இருக்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும்.

பிறகு எலெக்ட்ரீஷியனை வைத்தே ஸ்டார்ட்டரில் இணைக்க வேண்டும். போர்டு வந்துவிட்டது என்று சிங்கிள் பேசிங் பிரிவென்டரையும், நீரின்றி ஓடுவதைத் தடுக்கும் கருவியையும் கழற்றவே கூடாது. புரோகிராம் தவறினாலும் மோட்டாரைக் காப்பவை அவைதான். கையால் போடும் சுவிட்சும் அப்படியே இருக்கட்டும்.