தன் உடலில் ஏற்றுக்கொண்ட சாட்சி



1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் மரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூளைக்காய்ச்சல் பரவி மக்கள் மடிந்தனர். அதே நாட்களில் அங்கே முயல்கள் மிக்ஸோமா வைரஸால் கூட்டங்கூட்டமாய்ச் செத்துக்கொண்டிருந்தன. மேய்ச்சல் நிலங்களைப் பாழாக்கிய முயல்களை ஒழிக்க விஞ்ஞானிகளே பரப்பிய கிருமி அது. முயலைக் கொன்றதுதான் நம் பிள்ளைகளையும் கொல்கிறது என்று ஜனங்கள் அஞ்சினதில் வியப்பென்ன?

அம்மை இன வைரஸ்களின் ஆராய்ச்சிக்கே வாழ்நாளைச் செலவிட்ட ஃபிராங்க் ஃபென்னர் வெறும் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. பர்னெட், கிளூனிஸ் ராஸ் என்னும் இருவரோடு சேர்ந்து அவ்வைரஸைத் தம் உடலிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டார். மூவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. மனிதரைக் கொன்றது கொசுவால் பரவும் வேறொரு வைரஸ்.

பயப்படுகிறவர்களை அறிவிலிகள் என்று இகழ்வது எளிது. பிரசங்க பீடத்தில் நிற்கும் என்போன்றோரும் அதைச் செய்திருக்கிறோம், ஒப்புக்கொள்ள வெட்கமாயிருக்கிறது. தான் சுமக்காத நம்பிக்கையைப் பிறர் தோளில் ஏற்ற ஒருவருக்கும் உரிமையில்லை என்பதே என் துணிபு.

பெரியம்மை ஒழிந்ததென்று 1980 மே 8 அன்று உலக சுகாதார சபையில் அறிவித்தவரும் ஃபென்னரே. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்புதான் பர்மிங்காமில், ஆய்வுக்கூடம் இருந்த கட்டடத்தில் பணிபுரிந்த பெண்ணொருவர் அந்நோயால் இறந்திருந்தார். எஞ்சிய வைரஸை அழித்துவிட வேண்டுமென்று 1993இல் சக அறிஞர்களோடு அவர் எழுதினார். 2010இல் அவர் மறைந்தார். அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் அது இன்னும் உறைநிலையில் இருக்கிறது. ஆபத்தில்லை என்கிறவர்கள், அச்சொல்லுக்கு ஈடாக எதை வைக்கிறார்கள்?